வெக்கை போகும் வழி

பெரிய வெள்ளி மதிய வழிபாட்டில் அம்மா மயங்கி விழுந்தாள். திண்டுக்கல் பக்கத்துச் சிற்றூர்க் கோயில். கனத்த சுண்ணாம்புச் சுவர், உயர்ந்த கூரை, நூறு வருசத்துக்கும் மேல் பழசு. அடுத்த கூட்டத்திலேயே ஏசி போடச் சொல்லி முதலில் கை தூக்கியவன் நான்.

வயதான கொத்தனார் ஒருவர் அண்ணாந்து காட்டினார். கூரையடியில் வரிசையாக வட்டத் துளைகள், எல்லாம் சிமெண்டால் அடைபட்டிருந்தன.

"சூடு மேலதான ஏறும் தம்பி? போக வழி வேணாமா?"

"யார் அடைச்சது?"

"புறா எச்சம் பீடத்துல விழுதுன்னு உங்க அப்பாதான்."

திண்டுக்கல் புனித வளனார் பேராலயத்தை 1866-இல் தொடங்கி 1872-இல் முடித்தார்கள். மின்விசிறியே இல்லாத காலம். உயரமும் சன்னலும்தான் அன்றைய விசிறி. ஐரோப்பாவிலோ அதே உயரம் தொல்லை. மூட்டிய சூடெல்லாம் கூரைக்குப் போய்விடும். அதனால் சில கோயில்களில் கட்டடத்தை விட்டுவிட்டு, ஆள் உட்காரும் பெஞ்சை மட்டும் சூடாக்குகிறார்கள். நமக்கும் அதே கணக்குதான்: இவ்வளவு பெரிய மண்டபத்தைக் குளிராக்குவதைவிட, ஆள்மேல் காற்றுப் படச் செய்வது மலிவு.

அப்பா பூசியதை உடைக்க அம்மாவிடம் கேட்டேன்.

"உடைங்கடா. அவரு இருந்தாலும் வேர்த்துத்தான் போயிருப்பாரு."

துளைகளைத் திறந்து வலை அடித்தோம். விசிறிகளைத் தாழ்த்தி மாட்டினோம். பகலில் சுவர் குடித்த வெக்கை இரவில் அந்த வழியாக வெளியேறுகிறது. அம்மாவுக்கு இப்போதும் வியர்க்கிறது. ஆனால் பூசை முடியும்வரை உட்கார்ந்திருக்கிறாள்.