சீட்டுல விழுந்த கட்சி

பட்டிமன்றம் பார்த்தே வளர்ந்தவரா நீங்க? அப்போ ஸ்கூல் டீம் டிபேட் முதல்ல கொஞ்சம் சப்புன்னுதான் இருக்கும். பட்டிமன்றத்துல நடுவர்தான் ஹீரோ. டிபேட்ல நடுவர்கள் வாயே திறக்காம மார்க் போடுவாங்க. அதைவிட முக்கியம், எந்தப் பக்கம் பேசணும்னு நீங்க முடிவு பண்ண முடியாது. சீட்டுக் குலுக்கல்தான்.

எங்க ஊர் சிவகாசி. ப்ளஸ் ஒன்ல வந்த தலைப்பு, ‘பட்டாசைத் தடை செய்ய வேண்டும்’. சீட்டுல எங்களுக்கு விழுந்தது ஆதரவு! எங்க டீம்ல மூணுல ரெண்டு வீட்ல அடுப்பு எரியிறதே பட்டாசால.

பேசினது தமிழ்ல, விதி மட்டும் உலகப் பள்ளிகள் டிபேட் முறை (2019-ல் பாங்காக்கில் இந்தியா ஜெயிச்சதே, அது). ஆளுக்கு 8 நிமிஷம். முதல் ஆள் தலைப்புக்கு எல்லை கட்டணும்: தடைன்னா வெடிக்கவா, விற்கவா, தயாரிக்கவா? இது நழுவினா மொத்தமும் நழுவிடும். ரெண்டாவது ஆள் எதிரணியை மறுத்துட்டு புது வாதம் வைக்கணும். மூணாவது ஆளுக்குப் பெரும்பாலும் மறுப்புதான். முதல் நிமிஷமும் கடைசி நிமிஷமும் தவிர எதிரணி எழுந்து குறுக்குக் கேள்வி கேட்கலாம். ஏத்துக்கறது உங்க இஷ்டம். கடைசியா 4 நிமிஷத் தொகுப்புரை.

கையில இருந்தது டெல்லிப் புகை. 2015-ல் மூணு கைக்குழந்தைகள் பேர்ல சுப்ரீம் கோர்ட்டுக்குப் போன வழக்கு. 2018 தீர்ப்புல முழுத் தடை இல்லை, ஆனா சரவெடி கூடாது, பேரியம் கூடாது, தீபாவளிக்கு வெடிக்க 2 மணி நேரம். சரம் பின்னுற ஊர்ல போய் இதைச் சொன்னா யார் கேட்பா?

“புகையை விடுங்கப்பா, முதலிப்பட்டியைச் சொல்லுங்க”ன்னா எங்க மூணாவது ஸ்பீக்கர். 2012 செப்டம்பர் 5, ஒரே ஆலை விபத்துல 30 பேருக்கு மேல போன ஊர். அவ அம்மாவும் பட்டாசு ஆலையிலதான் வேலை.

மேடையில அவ பேசுறப்போ எதிரணிப் பையன் எழுந்தான். “நாளைக்கே ஆலையை மூடினா உங்க அம்மாவுக்கு என்ன வேலை தருவீங்க?”

அவ குரலை உசத்தவே இல்லை. “சாயங்காலம் அம்மா வர்ற வேன் லேட்டானா எங்க வீட்ல யாரும் பேசிக்க மாட்டோம். அதுக்கு நீங்க என்ன தருவீங்க?”

நடுவர்கள் 2–1-னு எதிரணிக்குக் கொடுத்தாங்க. மாற்று வேலைக்கான கேள்வி அப்படியே நிக்குதுன்னாங்க, நியாயம்தான்.

கீழே இறங்கினதும் அந்தப் பையன் அவகிட்ட வந்தான். “உங்க அம்மா எந்த வேன்ல வர்றாங்க?”

அவன் அத்தையும் அதே வேன்தானாம்.