முப்பது சதவீதம்

பாலக்கோட்டில் என் சித்தப்பா மகன் தக்காளி மண்டி வைத்திருக்கிறான். விடியற்காலையில் கிரேட் கிரேட்டாக வந்து இறங்கும். பில், கமிஷன், விவசாயிகளுக்குக் கொடுத்த முன்பணம் எல்லாம் ஒரு சர்வரில். நான் பி.காம். படித்துப் பத்திரிகையில் வேறு இருப்பதால், எனக்குத் தெரியாததே இல்லை என்று அவனுக்கு ஒரு நம்பிக்கை.

2019-ல் ஒரு நாள் போன். ‘‘அண்ணா, திங்கக்கிழமை காலைல மட்டும் பில் போடறதுக்குள்ள உயிர் போகுது!’’

போய்ப் பார்த்தேன். சர்வருக்குள் இரண்டு டிஸ்க். ஒன்றில் எழுதுவது இன்னொன்றிலும் அப்படியே பதிவாகும். இப்படி டிஸ்க்குகளைக் கூட்டுச் சேர்ப்பதற்கு ‘ரெய்டு’ என்று பெயர். 1987-ல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் வைத்தது. வருமான வரிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை!

இரண்டையும் மேய்ப்பது கன்ட்ரோலர் என்ற அட்டை. நாம் கேட்டதைக் கொடுப்பதோடு, பின்னணியில் அதற்குச் சில சொந்த வேலைகள் உண்டு. டிஸ்க் முழுவதையும் படித்து எங்காவது பழுதா என்று ரோந்து போவது, இரண்டு பிரதியும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது, ஒன்று செத்தால் புது டிஸ்க்கில் நகல் எடுப்பது. இவற்றுக்கு எவ்வளவு சக்தி ஒதுக்கலாம் என்று சதவீதம் போடலாம். பல கன்ட்ரோலர்களில் 30 என்று வைத்தே வரும். சரிபார்ப்பு 168 மணிக்கு ஒருமுறை. அதாவது வாரம் ஒருநாள். இங்கே அது சரியாகத் திங்கள் காலை, ஏல நேரத்தில்!

நேரத்தை ராத்திரிக்கு மாற்றியிருக்க வேண்டும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? ‘‘வேலையைக் கெடுக்குதுல்ல... எல்லாத்தையும் நிறுத்திடு!’’

பில் பறந்தது. எனக்கு ஒரு கிரேட் தக்காளி பரிசு.

எட்டு மாதம் கழித்து ஒரு டிஸ்க் போனது. புதுசு மாட்டினார்கள். சீக்கிரம் முடிய சதவீதத்தைக் கூட்டினால் பில் நிற்கும். குறைத்தால் அதுவரை கணக்கு ஒற்றைக் காலில் நிற்கும். முப்பதிலேயே விட்டார்கள். பாதியில் தெரிந்தது, மிச்சமிருந்த டிஸ்க்கிலும் சில இடங்கள் பழுது. யாரும் படிக்காத பழைய பக்கங்கள். ரோந்து போயிருந்தால், இரண்டு டிஸ்க்கும் நன்றாக இருந்தபோதே ஒன்றைப் பார்த்து இன்னொன்றைச் சரிசெய்திருக்கும். முன்பணக் கணக்கு ஃபைல் திறக்கவே இல்லை. தனியாக எடுத்து வைத்த காப்பியோ மூன்று மாதப் பழசு.

தம்பி என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் வலித்தது.

வாங்கியவர்களிடமே கேட்பது என்று முடிவானது. பலர் துண்டுச் சீட்டோடு வந்தார்கள். ஒரு பெரியவரிடம் சீட்டும் இல்லை. ‘‘பன்னண்டாயிரம் வாங்கினேன், எழுதிக்க’’ என்றார். தம்பி தயங்கி, ‘‘சீட்டு இல்லாமலேயா?’’ என்றான்.

‘‘உன் பொட்டி மறந்துபோச்சுன்னா, நானுமா மறக்கணும்?’’

இப்போது ரோந்து ஞாயிறு இரவு பதினொன்றுக்கு நடக்கிறது. அதன் ரிப்போர்ட்டைத் தம்பி திங்கள்தோறும் படிக்கிறான். நான் மண்டிக்குப் போனால் தக்காளி மட்டும் வாங்கிக்கொண்டு வருகிறேன்.