36-ஆவது நகர்த்தல்

செஸ் ஆடுகிறவர்களிடையே வெகுநாள் புழங்கிய பேச்சு ஒன்று உண்டு: கம்ப்யூட்டர் கணக்குப் போடும், மனிதன் ஆட்டத்தை நிதானிப்பான். இந்தக் காய்வெட்டு நாலு நகர்த்தல் தள்ளி எங்கே முடியும் என்பது கணக்கு. இந்தச் சிப்பாய் இங்கேயே நின்றால் கடைசியில் நமக்குப் பாரமாகுமா என்பது நிதானம். முன்னது அதற்கு, பின்னது நமக்கு என்று பாகம் பிரித்து வைத்திருந்தோம். 1997 மே 4 அன்று நியூயார்க்கில் நடந்த ஆட்டத்தை எப்போது எடுத்துப் பார்த்தாலும் அந்தப் பாகப்பிரிவினை செல்லாது என்றே எனக்குப் படுகிறது.

டீப் ப்ளூ என்ற கம்ப்யூட்டருக்கும் உலக சாம்பியன் காஸ்பரோவுக்கும் இடையே இரண்டாவது ஆட்டம் அது. இயந்திரம் வினாடிக்குச் சுமார் 20 கோடி நிலைகளை அலசும். முந்தைய ஆண்டு பிலடெல்பியாவில் காஸ்பரோவ் அதன் பழைய வடிவத்தை 4-2 என்று வென்றிருந்தார். இம்முறை முதல் ஆட்டமும் அவருக்கே. காயைக் காட்டினால் கம்ப்யூட்டர் தின்ன வரும் என்பது அன்றைக்கு எல்லோருக்கும் தெரிந்த பலவீனம். 36-ஆவது நகர்த்தலில் அப்படியொரு தீனி இருந்தது. வெள்ளை ராணி பி6-க்குப் போனால் சிப்பாய் கிடைக்கும். பதிலுக்குக் கறுப்பு தன் இ-வரிசைச் சிப்பாயைத் தள்ளி, அடைபட்டுக் கிடந்த காய்களுக்கு வழி திறந்துகொள்ளும். டீப் ப்ளூ போகவில்லை. சிப்பாய்க்குச் சிப்பாய் மாற்றிக்கொண்டு, அடுத்த நகர்த்தலில் பிஷப்பை இ4-இல் கொண்டுவந்து நிறுத்தியது. அதோடு கறுப்பின் கதவு அடைபட்டது. எதையும் வெட்டாத, சத்தமே இல்லாத நகர்த்தல். எதிரியைச் சத்தமின்றி நெருக்கும் முன்னாள் சாம்பியன் கார்போவ் ஆடியிருந்தால் யாரும் வியந்திருக்கமாட்டார்கள்.

காஸ்பரோவ் ஆடிப்போனார். கால்பந்தில் மரடோனா கையால் தட்டிப் போட்ட ‘கடவுளின் கை’ கோலைக் குறிப்பிட்டு, இயந்திரத்துக்குள்ளே மனிதக் கை ஏதும் இருந்ததோ என்று பிறகு சாடையாகக் கேட்டார்.

எனக்கு அதைவிடச் சுவையான இடம் ஆட்டத்தின் முடிவுதான். வெள்ளையின் 45-ஆவது நகர்த்தலைப் பார்த்ததும் அவர் தோல்வியை ஒப்புக்கொண்டு எழுந்துவிட்டார். ராணியை இ3-க்குக் கொண்டுபோனால் தொடர்ந்து செக் கொடுத்தே டிரா செய்திருக்கலாம் என்று மறுநாள் அவருடைய ஆட்களே அவரிடம் சொன்னார்கள். இவ்வளவு ஆழமாக ஆடிய இயந்திரம் அப்படியோர் ஓட்டையை விட்டிருக்காது என்று நம்பியிருக்கிறார். இயந்திரம் நிதானமாக ஆட, மனிதன் கணக்கைப் போட்டு முடிக்காமலே தோற்றிருக்கிறான்.

டீப் ப்ளூவின் நிதானம் மனிதர்கள் ஊட்டியது. ராஜாவின் பாதுகாப்புக்கு எவ்வளவு, திறந்த வரிசைக்கு எவ்வளவு என்று கிராண்ட்மாஸ்டர் ஜோயல் பெஞ்சமின் போன்றவர்களை வைத்துக்கொண்டு எண்களாக்கினார்கள். 2017-இல் வந்த ஆல்ஃபாஜீரோ என்ற நிரலுக்கு அதுவும் தேவைப்படவில்லை. தன்னோடு தானே ஆடிக் கற்றுக்கொண்டது. வினாடிக்கு 80,000 நிலைகளை மட்டுமே பார்த்து, 7 கோடி பார்க்கும் ஸ்டாக்ஃபிஷ் என்ற செஸ் என்ஜினை 100 ஆட்டங்களில் 28-இல் வென்றது, மற்றவை டிரா. (ஸ்டாக்ஃபிஷுக்குத் தந்த வசதி போதாது என்ற புகார் நியாயமானதே.) குறைவாகக் கணக்குப் போட்டவனே ஜெயித்தான், அவனும் கம்ப்யூட்டர்.

நம் நிதானம் மட்டும் வேறெங்கிருந்து வந்தது? தோற்ற ஆட்டங்களில் போட்ட கணக்கெல்லாம் மறந்துபோய், அவற்றின் வண்டல்தானே மிஞ்சியிருக்கிறது?

அந்த இரண்டாவது ஆட்டம் இணையத்தில் எளிதாகக் கிடைக்கிறது. 36-ஆவது நகர்த்தலில் நிறுத்துங்கள்; என்ஜினை அணைத்துவிட்டு, பி6-க்குப் போவீர்களா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.