பச்சை ரோஜா

ரோஜா இன்ன நிறத்தில்தான் இருக்க வேண்டும் என்பதில் நம் வீட்டுப் பெண்மணிகளுக்குத் திட்டவட்டமான அபிப்பிராயம் உண்டு. சிவப்பு, வெள்ளை, மஞ்சள், இளஞ்சிவப்பு. இவற்றைத் தாண்டினால் அது ரோஜாவே அல்ல என்பது அவர்கள் தீர்ப்பு. ஆகவே, காஞ்சீபுரத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் பச்சை ரோஜா பூத்தபோது, "இதென்னடா, மொட்டு விரிய மறந்துவிட்டதா?" என்று என் தாயார் கேட்டதில் ஆச்சரியமில்லை.

சாஸ்திர ரீதியாகவும் தாயார் கேட்டது ஏறக்குறையச் சரியே. சாதாரண ரோஜா மொட்டை மூடியிருக்கும் பச்சை மடல்களுக்குப் புல்லிகள் என்று பெயர். சீன ரோஜா இனத்தைச் சேர்ந்த இந்தச் செடியில் இதழ்களும், மகரந்தக் கேசரங்களும், சூலகமும்கூடப் புல்லிகளைப் போன்ற பச்சை மடல்களாகவே மாறிவிட்டன. 1856-ஆம் ஆண்டு வாக்கில் இது இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தது. நம் உதகமண்டலத்தில் 1995-இல் அமைந்த அரசு ரோஜாப் பூங்காவிலும் இதைப் பார்க்கலாம். எனக்குக் கிடைத்தது, நீலகிரியிலிருந்து உறவினர் ஒருவர் ஈரத் துணியில் சுற்றிக் கொண்டுவந்த ஒரு சாண் குச்சி.

பென்சில் பருமனுள்ள குச்சியைக் கணுவுக்குக் கீழே சாய்வாக வெட்டி, செம்மண்ணும் மணலும் மக்கிய சாணமும் கலந்த தொட்டியில் நட்டு நிழலில் வைத்தேன். வேர் பிடித்த பிறகு காலை வெயிலும் பிற்பகல் நிழலும் விழும் இடத்துக்கு மாற்றினேன். சீன ரோஜா ஜாதி உஷ்ணத்துக்கு அவ்வளவாக அஞ்சுவதில்லை. கத்திரி வெயிலில் இரு வேளை நீர் வார்த்தேன், செடி பிழைத்தது. பூ வாரக்கணக்கில் செடியிலேயே நிற்கிறது. முதிர முதிரச் செம்புநிறம் ஏறுகிறது. முகர்ந்தால் லேசான மிளகு நெடி. "மணமில்லாததை அம்பாளுக்கு எப்படிச் சாத்துவது?" என்பது தாயாரின் அடுத்த ஆட்சேபம்.

எங்கள் தெருவிலுள்ள வயோதிக நெசவாளர் ஒருவர் ஒருநாள் இதைப் பார்க்க வந்தார். நிறங்களோடு வாழ்ந்தவர். நீலப் பாவில் பச்சை ஊடை ஓட்டி மயில் கழுத்து நிறம் காட்டுகிற கை அவருடையது. "நீல ரோஜா உண்டா, தம்பி?" என்றார்.

ரோஜாவுக்கு இயல்பாக நீலச் சாயம் ஊறுவதில்லை என்றும், பான்ஸி என்னும் பூச்செடியின் மரபணுவை ரோஜாவில் புகுத்தியதாக ஜப்பானின் சன்டோரி கம்பெனியார் 2004-இல் அறிவித்து, 2009-இல் அந்தப் பூவை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள் என்றும், அதுவும் பார்வைக்கு இளம் ஊதாதான் என்றும் சொன்னேன். "நாங்கள் சாயத் தொட்டியில் முக்கி எடுத்துவிடுவோம்" என்று சிரித்தார். பிறகு, "இதற்கு விதை எடுத்து வைத்திருக்கிறாயா?" என்று கேட்டார்.

"இதற்கு விதையே கிடையாது, ஐயா. குச்சி வெட்டி நட்டால்தான் உண்டு."

பெரியவர் சற்று நேரம் பேசவில்லை. "அப்படியானால் இது எங்கள் கோர்வை மாதிரிதான்" என்றார்.

கோர்வை என்பது உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமுமாகச் சேலையை இழைக்கு இழை கோத்து நெய்யும் முறை. தறியில் துணைக்கு இன்னொருவர் உட்கார்ந்து நாடா வீச வேண்டும். அப்படித் துணைக்கு உட்கார்ந்தே அவர் தொழில் கற்றார். அவருடைய புதல்வர்கள் இருவரும் தொழிற்சாலை வேலைக்குப் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல அவருக்கு மனமில்லை. கூலிக் கணக்கு அவருக்கும் தெரியும்.

இந்தச் செடியைப் பற்றி நான் அதுவரை எண்ணாத ஒன்று அப்பொழுதுதான் விளங்கிற்று. விதையில்லாத ஒரு பூ நூற்றைம்பது வருஷங்களுக்கு மேலாக உலகில் நிலைத்திருக்கிறதென்றால், அதன் காரணம் செடியின் பலமல்ல. ஒருவர் வெட்டிக் கொடுத்தார். மற்றொருவர் வாங்கி நட்டார். நடுவில் எங்கும் கை விட்டுப்போகவில்லை. மணமில்லை, பூஜைக்கு ஆகாது என்று எல்லோரும் ஒதுக்கியிருந்தால் ஒரே தலைமுறையில் மறைந்திருக்கும்.

அன்று பெரியவர் ஒரு குச்சி கேட்டு வாங்கிப் போனார். அது துளிர்த்துவிட்டது, தண்ணீர் ஊற்றுவது அவருடைய பேத்தி. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவை வீசிப் பார்க்கிறாளாம். "விளையாட்டுக்குத்தான்" என்கிறார் பெரியவர். ஆனால் அவள் நாடா வீசும்போது அவர் தறியை நிறுத்துவதில்லை.