பீடிங் மடங்காமல்

சென்னைப் புதுப்பேட்டையின் பழைய வண்டிப் பாகக் கடைகளில் கேட்டது கிடைக்கும் என்று ஒரு பேச்சு உண்டு. ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரின் முன் கண்ணாடி பீடிங்கைக் கேட்டுப் பாருங்கள். கடை கடையாக ஏறி இறங்கினால், எங்கேயாவது ஒரு குவியலுக்குள்ளிருந்து உருவித் தருவார்கள். மூலையில் மடங்கியிருக்கும்.

கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பரில் பதிந்து கிடக்கும் அந்தப் பளபளப்புப் பட்டையைக் கழற்றுவதைப் பார்க்கத்தான் ஒரு பட்டறைக்குப் போயிருந்தேன். ஹெரால்டு நம் ஊர் வண்டி. பிரிட்டனின் டிரையம்ஃப் ஹெரால்டை ஒட்டி 1961 முதல் சென்னையில் தயாரானது. இத்தாலியரான ஜியோவன்னி மிக்கெலோட்டி வரைந்த வடிவம். மட்கார்டோடு சேர்ந்து பானெட் மொத்தமும் முன்னால் கவிழ்வதைப் பார்க்க இன்றைக்கும் கூட்டம் கூடும். பட்டறையில் நின்ற ஹெரால்டு பெயின்டுக்கு வந்தது. கண்ணாடியின் கீழ் ரப்பரை லேசாகத் தூக்கிப் பார்த்தால் உள்ளே துரு. இனி கண்ணாடியைக் கழற்றாமல் தீராது.

டிங்கர் பாய் முதலில் ஓனரிடம் பேசி முடித்துக்கொண்டார். “பீடிங் ஒடைஞ்சா நான் பொறுப்பில்ல சார். இப்பவே சொல்லிட்டேன்.” கறாராகத்தான் பட்டது. வேலை நடந்த விதத்தைப் பார்த்த பிறகு அதன் நியாயம் புரிந்தது.

பட்டை அலுமினியம். பின்புறம் ஒரு விளிம்பு ரப்பரின் பள்ளத்துக்குள் கவ்விக்கொண்டிருக்கிறது. ரப்பரோ வெயிலில் காய்ந்து கல்லாகிவிட்டது. ஸ்குரூ டிரைவரை நுழைத்து நெம்பினால் பட்டை வெளியே வரும், நெம்பிய இடமெல்லாம் பள்ளத்தோடு. பாய் அந்தப் பக்கமே போகவில்லை. பிளேடால் ரப்பரின் வெளி உதட்டைப் பட்டையை ஒட்டிச் சீவிக்கொண்டே வந்தார். எப்படியும் தூக்கிப் போடப்போகிற ரப்பர்தானே. கவ்வல் போனதும், இணைப்பை மூடியிருந்த சின்ன கிளிப்பை நகர்த்தி, முனையை மூங்கில் சீவலால் கிளப்பினார். உதவிக்கு நின்ற பையன் ஆர்வத்தில் கையை நீட்டினான்.

“இழுக்காதடா தம்பி. அதுவா வரணும். நீ தாங்கிப் பிடி, போதும்.”

நேரான பகுதிகள் சுலபமாக வந்தன. மூலைகளில்தான் பாய் மூச்சைப் பிடித்துக்கொண்டார். அலுமினியம் ஒரு தடவை மடங்கினால் நிமிர்த்தலாம், ஆனால் அந்தக் கோடு போகாது. பாலிஷ் போட்டால் இன்னும் பளிச்சென்று தெரியும்.

துருவை வெட்டி, தகடு வைத்து வெல்டிங் செய்து, பெயின்டும் ஆன பிறகு திரும்பவும் போனேன். புது ரப்பரை வெயிலில் போட்டு இளக்கி, கண்ணாடியைச் சுற்றி மாட்டியிருந்தார்கள். பாடியின் தகட்டு விளிம்பைக் கவ்வும் பள்ளத்தில் நைலான் கயிறு ஓடியது. கண்ணாடியை வெளியிலிருந்து பையன் அழுத்த, பாய் வண்டிக்குள் உட்கார்ந்து கயிற்றின் முனையை இழுத்தார். இழுக்க இழுக்க, ரப்பரின் உள் உதடு தகட்டின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டே போனது. வழுக்குவதற்குச் சோப்புத் தண்ணீர் மட்டும். ஆயிலோ கிரீஸோ போட்டால் ரப்பர் ஊறிக் கெட்டுவிடும்.

பீடிங்கை மேஜையிலேயே ரப்பரில் பதித்துவிட்டு மொத்தமாக ஏற்றுகிறவர்களும் உண்டு. பாய்க்கு அதில் உடன்பாடில்லை. கண்ணாடியை ஏற்றும்போது ரப்பர் வளைந்து நெளிய வேண்டும். பட்டை அதோடு நெளிந்தால் கதை முடிந்தது என்கிறார். கண்ணாடி உட்கார்ந்த பிறகு, வெளிப்பள்ளத்தில் இன்னொரு கயிறு வைத்து, பட்டையை அதன் மேல் அமர்த்தி, கயிற்றை உருவ உருவ உதட்டைப் பட்டையின் மேல் ஏற்றினார். நேரம் கூடுதல்தான். எனக்கு அவர் கட்சியே சரியென்று படுகிறது.

ஹோஸ் பைப்பால் தண்ணீர் அடித்தபோது, உள்ளே டார்ச்சோடு இருந்த பையன் கத்தினான்: “லெஃப்ட் மூலை சொட்டுது பாய்!” உதட்டைத் தூக்கி சீலன்ட் பிதுக்கி, வழிந்ததைத் துடைத்தார்கள். அடுத்த முறை சொட்டவில்லை.

பையனுக்கு இந்த வேலையில் பெரிய பிடிப்பு இல்லை. இப்போதைய கார்களில் கண்ணாடியைப் பசை வைத்தே ஒட்டுகிறார்கள். கம்பியால் அறுத்து எடுத்துவிட்டுப் புதுசை ஒட்ட வேண்டும். அதைக் கற்றுக்கொள்ள மவுன்ட் ரோடு பக்கம் ஒரு கடையில் பேசி வைத்திருக்கிறான். பாயும் போகச் சொல்லிவிட்டார். அங்கே தினமும் வண்டி வரும். ஹெரால்டு எப்போது வரும் என்று யார் கண்டது?