யாருக்காகப் படிக்கிறார்கள்?

தானே விரும்பித் தேர்ந்த படிப்பில்தான் மனம் ஒன்றும், வீட்டார் ஆசைக்காகப் படிப்பவர் பாதியில் சோர்ந்துபோவார் என்று இப்போது பலரும் உறுதியாகச் சொல்கிறார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. உளவியல் ஆய்வாளர்களான ஷீனா ஐயங்காரும் மார்க் லெப்பரும் 1999இல் வெளியிட்ட ஆய்வில், 7 முதல் 9 வயதுவரையான குழந்தைகளுக்குச் சான் பிரான்சிஸ்கோவில் எழுத்துகளை மாற்றி அடுக்கும் சொற்புதிர்கள் தரப்பட்டன. வெள்ளைக்காரக் குழந்தைகள் தாங்களே தேர்ந்த புதிர்களைத்தான் அதிகம் விடுவித்தார்கள். சீன, ஜப்பானிய வம்சாவளிக் குழந்தைகளோ, ‘இது உன் அம்மா தேர்ந்தது’ என்று சொல்லித் தந்தபோது, தாமே தேர்ந்தபோதைவிடவும் நன்றாகச் செய்தார்கள். ஆய்வாளர் தேர்ந்து கொடுத்தால் அவர்களும் சுணங்கினார்கள். ஆகவே சொன்னபடி கேட்கும் பழக்கம் இதற்குக் காரணமாக இருக்க முடியாது; சொன்னவர் அம்மா என்பதே அவர்களை உந்தியது.

சிறுபிள்ளைகளின் புதிரும் நான்கு வருடப் படிப்பும் ஒன்றாகுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தென் கொரியா, ரஷ்யா, துருக்கி, அமெரிக்கா ஆகிய நாடுகளின் கல்லூரி மாணவர்களிடம் சிர்கோவ், ரிச்சர்ட் ரயன் முதலானோர் நடத்தி 2003இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஓரளவு பதில் தருகிறது. குடும்பத்தை முன்வைக்கும் வழக்கமோ தனிமனிதரை முன்வைக்கும் வழக்கமோ, அதன் காரணத்தை மனதார ஏற்றவர்கள் நலமாக இருந்தார்கள். ‘நாலு பேர் என்ன சொல்வாங்க’ என்ற பயத்தால் அதே வழியில் நடப்பவருக்கு அந்த நலம் வாய்ப்பதில்லை.

தமிழ்நாட்டில் இதைத் தெளிவாகக் காட்டுபவர்கள் முதல் தலைமுறைப் பட்டதாரிகள். 2010–11 முதல் தொழிற்கல்வியில் அவர்களுக்குக் கட்டணச் சலுகை உண்டு. அதற்கு, வீட்டில் இதுவரை யாரும் பட்டம் பெறவில்லை என்று சான்றிதழ் வாங்க வேண்டும். கூலி வேலை செய்து படிக்கவைக்கும் அப்பாவை நினைத்து விடியுமுன் புத்தகத்தைத் திறக்கும் பெண்ணிடம், இது உன் சொந்த விருப்பமல்ல என்று சொல்வது அவளைச் சிறுமைப்படுத்துவதாகும். குடும்பத்தைத் தூக்கி நிறுத்துவதும் அவளுடைய விருப்பம்தான். ஆனால் வீட்டாரின் எதிர்பார்ப்பு பிள்ளைகளை நசுக்குவதும் உண்டு, உயிரையே பறிப்பதும் உண்டு. அதை மறுக்க முடியாது. எந்தப் பாடப்பிரிவு எதற்கு என்று பெற்றோருக்குத் தெரியாத வீட்டில், பக்கத்து வீட்டுப் பையன் எடுத்த பிரிவே முடிவாகிவிடுகிறது. பாசம் அவர்களுடையது, யோசனை இரவல். பெண்பிள்ளை என்றால், கல்யாணம் வரைக்கும்தான் படிப்பு என்ற கணக்கும் சேர்ந்துகொள்கிறது. படிக்க வேண்டும் என்று சொல்ல வீட்டுக்கு முழு உரிமை உண்டு. எதைப் படிப்பது என்பது பிள்ளையின் கையில் இருக்க வேண்டும். கலந்தாய்வில் விருப்ப வரிசையை நிரப்பும்போது, முதலிடத்தில் வைத்த பிரிவுக்குக் காரணம் கேட்டால் ‘அப்பா சொன்னார்’ என்பதைத் தவிர வேறு பதில் வராவிட்டால், உட்கார்ந்து பேச வேண்டிய நேரம் அதுவே. மூன்றாம் செமஸ்டரில் அரியர் குவிந்தபின் பேசுவது எல்லாருக்கும் கடினம்.