எழுவரும் ஒன்றாகத் திருவிடந்தைக்கு

சென்னையில் திருவான்மியூரைக் கடந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே சென்றால், கொட்டிவாக்கத்துக்கும் நீலாங்கரைக்கும் இடையே அமைந்துள்ளது பாலவாக்கம். இவ்வூரார்க்கு வடக்கே மருந்தீஸ்வரர் அண்மையில் அருள்கிறார். தெற்கே முட்டுக்காட்டையும் கோவளத்தையும் தாண்டி ஏறத்தாழ 25 கி.மீ. சென்றால், 108 திவ்விய தேசங்களுள் ஒன்றான திருவிடந்தை.

காலவ முனிவரின் கன்னியர் 360 பேரையும் நாளுக்கு ஒருவராகப் பெருமாள் மணந்துகொண்டார் என்கிறது தலபுராணம். ஆதலின் இத்தலத்தில் அவர் நித்திய கல்யாணப் பெருமாள். மணப்பேறு வேண்டுவோர் மாலை பெற்று அணிந்து வலம் வருவர். திருமணம் முடிந்தபின் அம்மாலையுடன் தம்பதியாக மீண்டும் வந்து தொழுவர். பின்னர் மழலைகளுடனும் வருவர்.

அன்று பெற்றோருடன் வந்த பிள்ளை மனைவி மக்களுடன் வரும்போது, குடும்பம் ஆறாகவோ ஏழாகவோ பெருகிவிடுகிறது. வீட்டுக் காரிலோ ஐவருக்கே இடம். "நீங்கள் போய் வாருங்கள், நான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன்" என்று முதலில் ஒதுங்குபவர் பெரும்பாலும் பாட்டியாகவே இருப்பார். வேண்டிக்கொண்டவரே நன்றிக்கடன் செலுத்தும் நாளில் வர இயலாமற்போவது எத்தகைய குறை! ஏழு இருக்கை வாகனம் வாங்கும் எண்ணம் பல இல்லங்களில் இவ்வாறே பிறக்கிறது.

ஆயினும் ஏழு இருக்கைகளும் ஒரே தன்மையன அல்ல. மூன்றாம் வரிசைக்குச் செல்ல, பெரும்பாலான வண்டிகளில் நடு இருக்கையை மடித்துக் குனிந்து நுழைய வேண்டும். அங்கே முழங்கால் உயர்ந்தே நிற்கும். ஆகவே அவ்வரிசை வளர்ந்த பேரப்பிள்ளைகளுக்கே ஏற்றது. பெரியவர்களுக்கு உரியது நடு வரிசை. அவ்விருக்கை அவர்கள் இடுப்பளவு உயரத்தில் இருந்தால் அமர்வதும் எழுவதும் எளிது. உயரமான வண்டியாயின் படிப்பலகையும் கைப்பிடியும் இன்றியமையாதவை.

பாலவாக்கத்தில் நெடுஞ்சாலையிலிருந்து கடலை நோக்கிச் செல்லும் தெருக்கள் பல குறுகலானவை. ரெனோ டிரைபர் 4 மீட்டருக்குள் அடங்குவதால் அங்கே எளிதில் திரும்பும். ஆனால் எழுவரும் அமர்ந்தால் பின்னே எஞ்சும் இடம் 84 லிட்டரே. பூஜைப் பையை வைக்கலாம், சக்கர நாற்காலிக்கு இடமிராது. அதன் 999 சிசி இயந்திரம் கடற்கரைச் சமவெளிக்குப் போதும். எழுவருடன் திருமலை ஏறுகையில் சற்றுத் திணறக்கூடும். மாருதி எர்டிகா ஏறத்தாழ 4.4 மீட்டர் நீளம். பின்னே 209 லிட்டர் இடமுண்டு. டொயோட்டா இன்னோவா கிரிஸ்டா 4.7 மீட்டருக்கும் மேல். அதன் ஏழு இருக்கை வகையில் நடு வரிசையில் தனித்தனி நாற்காலிகள் இரண்டு, முதியோர்க்குச் சுகமானவை. விலையும் அதற்கேற்ப உயர்வு. நிறுத்துமிடத்தையும் அளந்து பார்த்தே வாங்க வேண்டும்.

கடலோர ஊராதலால் உப்புக்காற்று இரும்பை அரிக்கும். வண்டியின் அடிப்பாகத்தையும் நன்னீரால் அவ்வப்போது கழுவுதல் நன்று.

கடன் பத்திரத்தில் கையெழுத்திடுமுன் ஒரு கணக்குப் பார்ப்பது நலம். எழுவரும் சேர்ந்து ஆண்டில் எத்தனை முறை புறப்படுவர்? இரண்டு மூன்று முறையே எனில், ஐவர் காரையே வைத்துக்கொண்டு அந்நாட்களுக்கு மட்டும் வாடகை வண்டி அமர்த்துவது சிக்கனம். மாதந்தோறும் தலயாத்திரையும் மருத்துவமனைப் பயணமும் உண்டெனில், மாதத் தவணைக்குப் பொருள் உண்டு.

விற்பனை நிலையத்திற்கு மகன் மட்டும் சென்று வண்ணத்தையும் திரையையும் பார்த்து முடிவு செய்தல் போதாது. பாட்டியும் கைத்தடியுடன் உடன் செல்லட்டும். இருமுறை ஏறி இறங்கட்டும். அவர் பிறர் துணையின்றி அமர முடிந்த வண்டியே அக்குடும்பத்துக்கு உரிய வண்டி.

புது வண்டிக்குப் பூஜை முடிந்ததும் முதற்பயணம் திருவிடந்தைக்கே அமையலாம். நடு வரிசையின் இடப்புறம் பாட்டிக்கு. சாலையோரமாக அச்சமின்றி இறங்க அதுவே வசதி. பின்வரிசையினர் உட்பட அனைவரும் இருக்கைப்பட்டை அணிதல் சட்டம். திருமகளை இடப்பாகத்தில் தாங்கி நிற்கும் ஆதிவராகப் பெருமாளை, குடும்பத்தில் ஒருவரும் விடுபடாமல் சென்று சேவிக்கலாம்.